மத்தளம் சொல்ல வேண்டிய பதில்

பகல் இரண்டரை மணி. ஆமாம், பகல்தான், முகத்தைச் சுளிக்காதீர்கள். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு அது பொறுப்பாகாது. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. காலி வீதியில் பாதிக் கடைகள் பூட்டு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கை... பெயர் வேண்டாம், உங்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறீர்கள். ஒழுங்கையில் ஓர் ஈ காக்கை இல்லை. மழை வரப்போகிற புழுக்கம். தூரத்தில் கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ரதி தனியாக நடந்து போனாள்.

ரதி யாரென்றால், என் சிநேகிதன் பிரதீஸின் சித்தி மகள். கொட்டாஞ்சேனையில் தாய் சீனியம்மாவோடு இருந்தாள். சீனியம்மாவுக்குப் பிறந்த இடம் மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து, புருஷன் செத்த பிறகு புடவைக் கடையில் கால் கடுக்க நின்று மகளை வளர்த்த மனுஷி. மகளுக்குக் கடவுள் ஒரு குரலைக் கொடுத்திருந்தான். சும்மா இல்லை... அந்தக் குரலில் ஒரு சீமெந்து விளம்பரம் கேட்டால் வீடு கட்டத் தோன்றும். வானொலியில் சோப்புக்கும் நகைக்கடைக்கும் பேசியது அவள்தான். மாடிவீடுகளில் லிஃப்டில் ஏறினால் "கதவு மூடப்படுகிறது" என்று ஒருத்தி அன்பாகச் சொல்வாளே, அதுவும் அவள்தான். ஊரெல்லாம் குரல் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஏக்கம் அவளுக்கு இருந்தது. ஒரே ஓர் இடத்திலாவது தன் பெயரைத் திரையில் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் படம்.

புஷ்பராஜ் என்று ஒருவர். கல்யாண வீடியோ எடுத்து நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ராஜா காலத்துப் படம் எடுக்கிறேன் என்று இறங்கினார். கோட்டை, வாள், குதிரை, வானத்தில் பறந்து நெருப்புக் கக்குகிற யாளி. கோட்டையைக் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ஸ்டோருக்குள் ரிஜிபோமில், அதுதான் அந்த வெள்ளைப் பஞ்சு அட்டையில், வெட்டி நிறுத்தினார்கள். யாளியைக் கல்கிசையில் யாரோ கம்ப்யூட்டரில் செய்தார்கள். பார்த்தால் சிறகு முளைத்த தெருநாய் மாதிரி இருக்கும். சிரியுங்கள், பரவாயில்லை. யாளிதான் புஷ்பராஜ் சேர்த்தது. கதை அவருடையது அல்ல. வன்னிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாக ஆடி வந்த கதை அது.

ஒரு ராஜா கோட்டை கட்டுகிறான். வாசல் சுவர் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. எத்தனை தரம் கட்டினாலும் சரிகிறது. குறி கேட்டால், ஒரு பெண் தன் காலால் நடந்து வந்து சுவருக்குள் நிற்க வேண்டும் என்று வருகிறது. இழுத்து வரக் கூடாது. நம்பி வர வேண்டும். ராஜா, கொன்றைநாச்சி என்ற பெண்ணின் தோழியைப் பிடிக்கிறான். அவளுக்கு என்ன கொடுத்தானோ, எதைச் சொல்லி மிரட்டினானோ... கதையில் இல்லை. தோழிக்குக் கதையில் பெயரும் இல்லை. அவள் நாச்சியைக் கூட்டிவந்து, "என் மூக்குத்தி இந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது, எடுத்துத் தா" என்கிறாள். நாச்சி இறங்குகிறாள். கொத்தர்கள் கல் வைக்கத் தொடங்குகிறார்கள். நாச்சி விளையாட்டு என்று நினைக்கிறாள். ஒரு வரிசை ஏறியதும் கேட்கிறாள், "தோழி, நிற்கிறாயா?" வெளியே இருந்து பதில் வருகிறது, "நிற்கிறேன்." அடுத்த வரிசை. "நிற்கிறாயா?" "நிற்கிறேன்." அந்தப் பதில் வந்துகொண்டிருந்த வரைக்கும் அவள் கத்தவில்லை. கடைசிக் கல் வைத்ததும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படத்தில் நாச்சியாக நடித்தது ஒரு சிங்களப் பிள்ளை. முகம் அழகு, தமிழ் வராது. அதனால் நாச்சிக்குக் குரல் ரதி. தோழிக்குக் குரல் ஜனா.

ஜனா என்கிற ஜனார்த்தனி ரதியின் உயிர்ச் சிநேகிதி. வெள்ளவத்தை டியூஷன் வகுப்பில் ஒரே வாங்கில் தொடங்கிய பழக்கம். ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ரதியின் அப்பா செத்தபோது முப்பத்தோராம் நாள் காரியம் முடியும் வரைக்கும் ஜனா அந்த வீட்டிலேயே பாய் போட்டுப் படுத்தாள். ரதியைப் படத்துக்குள் கொண்டுவந்ததும் அவள்தான். ஜனாவின் சொந்த ஊர் எதுவென்று கேட்கிறீர்களா... அந்தக் கூத்து ஆடிய அதே ஊர்தான். அவளுடைய அப்பப்பா அந்தக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர்.

அந்தப் போயா அன்று காலையில் ஜனா ரதிக்குப் போன் எடுத்தாள்.

"ரதி, சுவர் கட்டுற இடத்தில உன்ர குரல் கொஞ்சம் பிசிறுதாம். புஷ்பராஜ் அண்ணை குதிக்கிறார். ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போ. நானும் வாறன்."

ஒலிப்பதிவு நடந்தது நிஸாம் என்பவரின் மாடிவீட்டில். மூன்றாம் மாடி. கீழே ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். கோச்சி வந்தால் வீடே நடுங்கும். அதனால் அங்கே வேலையெல்லாம் கோச்சிக்குக் கோச்சி நடக்கும். சத்தம் தூரத்தில் கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அது போகும் வரை காத்திருப்பார்கள். சாமான் வைக்கிற அறையில் மெத்தையும் முட்டைத் தட்டும் அடித்துக் குரல் கொடுக்கிற கூண்டாக மாற்றியிருந்தார் நிஸாம். கடற்காற்றில் கதவுப் பலகை உப்பிவிட்டது. வெளியிலிருந்து கொண்டி போட்டால்தான் அது இறுகும். ஆகவே அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஆள் இருந்தால், வெளியே கதவடியில் கட்டாயம் ஒருவர் நிற்க வேண்டும். கொண்டியைப் போட்டுவிட்டு நகரவே கூடாது.

ரதி போனபோது ஜனா கழுத்தைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று கையால் சைகை காட்டினாள். பிறகு ரகசியக் குரலில் சொன்னாள்.

"தோழியின்ர பதிலையும் நீயே சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடு. நேரம் பொருந்துதா எண்டு பாக்கத்தான். நான் பிறகு வந்து சொன்னதும் உன்ரய அழிச்சுப்போடலாம்."

ரதி சிரித்தாள். "எனக்கு நானே பதில் சொல்லிக்கணுமா? பைத்தியம்னு நெனைக்கப் போறாங்கடி."

உள்ளே போனாள். கொண்டி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போனதும் ரதி பகிடிக்கு ஒன்று செய்வாள். படத்து வசனத்தை ஜனாவிடமே கேட்பாள்.

"ஜனா, நிக்கிறியா?"

டொக்.

கதவில் ஒரு தட்டு. பாவம், தொண்டை கட்டியிருக்கிறாள் என்று ரதி நினைத்துக்கொண்டாள்.

ஹெட்போனில் நிஸாமின் குரல். "ரெடியா தங்கச்சி? போவோம்."

சின்னத் திரையில் கல் வரிசை ஏறியது. நாச்சியின் கேள்வியை ரதி சொன்னாள். பிறகு தோழியின் பதிலைச் சொன்னாள். பொய் சொல்கிறவள் எப்படிச் சொல்வாள் என்று ரதிக்குத் தெரியவில்லை. அதனால் ஜனா தனக்குச் சொன்னால் எப்படிச் சொல்வாளோ அப்படி, கொஞ்சம் செல்லமாக, கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள். "நிற்கிறேன்." அடுத்த வரிசை. "நிற்கிறேன்." அதற்கடுத்தது. நிஸாம், "சோக்கா ஈக்கிது தங்கச்சி, அப்படியே போங்க" என்றார். கடைசி வரிசை வரை எல்லாப் பதிலையும் சொல்லி முடித்தாள்.

அப்போது கோச்சி வந்தது. தரை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் தேய்ந்து, தேய்ந்து... போனது. கண்ணைத் திறந்தால் இருட்டு. கரண்ட் போய்விட்டது. திரை இல்லை. ஹெட்போனில் எப்போதும் இருக்கிற அந்த மெல்லிய இரைச்சல்கூட இல்லை.

அந்தச் செத்த ஹெட்போனுக்குள்...

"தோழி, நிற்கிறாயா?"

ரதியின் குரல்தான். அவளுக்குத் தன் குரல் தெரியாதா? ஆனால் அவள் அந்த வசனத்தை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இது கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன குரல்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். குரல் நிற்கவில்லை. அதோடு ஒரு மணமும் வந்தது. ஈரச் சுண்ணாம்பு. அதற்குள், அந்தக் காலத்துச் சாந்தில் சேர்க்கிற பனங்கட்டிப் பாகு காய்கிற இனிப்பு மணம். எங்கேயோ கரண்டியால் சாந்தை வழிக்கிற சத்தம். சரக்... சரக்... பிறகு கல்லைத் தட்டி உட்கார வைக்கிற சத்தம்.

"ஜனா! நிக்கிறியாடி?"

டொக்.

அப்பாடா என்று மூச்சு வந்தது. "கதவத் தெற."

டொக்.

"வெளையாடாத ஜனா. எனக்கு மூச்சு முட்டுது. தெற!"

டொக்.

ரதி கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள். கை கதவில் இருக்கும்போதே மறுபடி ஒரு தட்டு. டொக். கதவு அசையவில்லை. கதவில் ஓர் அதிர்வும் இல்லை. தட்டு வந்தது அவள் முதுகுப் பக்கத்திலிருந்து. கடல் பக்கத்துச் சுவரிலிருந்து. அந்தச் சுவருக்கு வெளியே பல்கனி கிடையாது, சன்னல் கிடையாது. மூன்றாம் மாடி உயரத்துக்குக் காற்றுத்தான்.

கொண்டி திறந்தது. நிஸாம் டோர்ச் லைட்டோடு நின்றார். மீட்டர் பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கிப் போயிருந்தாராம்.

"பயந்துட்டீங்களா தங்கச்சி? கரண்ட் தானே, வந்துரும்."

"ஜனா எங்க அண்ணே?"

"அவங்க கோச்சி வரக்கொள்ளவே போய்ட்டாங்களே. அவசரம் எண்டாங்க. உங்களுக்குச் சொல்லல்லயா?"

ரதி ஒழுங்கையில் இறங்கி நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கத் தோன்றவில்லை. அழுதாள். சுவரில் கேட்ட தட்டை நினைத்து அழவில்லை, அதை நம்புவதா வேண்டாமா என்றே அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தன்னை உள்ளே விட்டுக் கொண்டி போட்ட கை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டதே என்றுதான் அழுதாள்.

நேரே ஜனாவின் அறைக்குப் போனாள். அதே வெள்ளவத்தைதான், அடுத்த ஒழுங்கை. ஜனா கதவைத் திறந்தாள். கழுத்தில் துவாய் இல்லை.

"ஏன்டி போன?"

ஜனா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பேசியபோது தொண்டை மணி மாதிரித் தெளிவாக இருந்தது.

"எங்கட ஊரில அந்தப் பதிலை ஒருத்தரும் வாயால சொல்லுறேல்ல, ரதி. நாச்சி கேப்பா. உடன மத்தளம் ஒரு தட்டுத் தட்டும். அதுதான் பதில். தோழி வேசம் கட்டினவர் வாயை இறுக்கிக்கொண்டு நிப்பார்."

"ஏன்?"

"சொன்ன ஆளை அவ விடமாட்டா எண்டு சொல்லுறவை."

ரதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சுவரோரமாகச் சாயப் போனவள், சாயாமல் நிமிர்ந்து நின்றாள்.

"அது தெரிஞ்சுக்கிட்டா என்னையச் சொல்ல வச்ச?"

"புஷ்பராஜ் அண்ணைக்குச் சொன்னனான். மத்தளம் எல்லாம் பழசு, வாயால சொன்னால்தான் சனம் அழும் எண்டுட்டார். நான் மாட்டன் எண்டால் வேற ஆளைப் போட்டிருப்பார், ரதி. எனக்கும் இது முதல் படம். உனக்கு ஒண்டும் வராது எண்டு நினைச்சன். அது எங்கட ஊர்ச் சாமான். நீங்கள் மலைநாட்டு ஆக்கள்தானே... உங்களை அது பிடிக்காது."

இத்தனை வருஷமாக ஒரே பார்சலில் கை வைத்தவள். அப்பாவின் பிணத்துக்குப் பக்கத்தில் தோளைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள். ஒரு வார்த்தையில் தள்ளி வைத்துவிட்டாள். "நீங்கள்... உங்களை..." கூட இருந்தே குழி பறித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குழிக்கு இவள் போதும் என்று இத்தனை நாளும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாளே, அதுதான் ரதிக்குத் தாங்கவில்லை. அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

ஜனா ஓடிவந்து கையைப் பிடித்தாள். அழுதாள். "அவ கேட்டால் வாயைத் திறவாதை. பதில் வராட்டி அலுத்துப் போயிடுவா. படத்தில இருக்கிற உன்ர பதிலை நான் எடுப்பிக்கிறன். அந்த இடத்தில மத்தளம் போடுவிக்கிறன். அம்மாவாணை, ரதி. அம்மாவாணை."

ரதி நம்பினாள். நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களாக இருந்தாலும் நம்பியிருப்பீர்கள். பழகின சனத்தை ஒரே நாளில் சந்தேகப்பட யாருக்கு வரும்?

பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் தொடங்கியது. கட்டிலோரச் சுவர். குளியலறைச் சுவர். உடுப்புக் காயப்போடப் போனால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். நேரம் காலம் கிடையாது. முதலில் மணம் வரும். சீனியம்மாவே ஒரு நாள், "பக்கத்து வீட்டுல சுண்ணாம்பு கரைக்கிறாங்களா, இனிப்பா மணக்குதே" என்றாள். அதற்குப் பிறகு குரல் வரும். "நிற்கிறாயா?" ரதி பல்லைக் கடித்துக்கொள்வாள். போகப் போகப் படத்துத் தமிழ் போய், அவள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே கேட்டது. "நிக்கிறியா?"

அதில் இன்னொரு கஷ்டம். சீனியம்மா குசினியிலிருந்து, "ரதி, இருக்கியா?" என்று கூப்பிட்டால், கூப்பிட்டது அம்மாவா, சுவரா என்று தெரியாமல் இவள் நடுங்கிப்போவாள். பதில் சொல்லாமல் எழுந்து போய் முகத்தைக் காட்டுவாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? பேர் வரப்போகுதுன்னதும் பெரிய மனுசியாயிட்ட" என்று அம்மா கோபித்தாள். ரதியால் விளக்கவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் தப்பிப் போய் ஒரு சொல் விழுந்துவிடுமோ என்று பயம். குரலை வைத்துப் பிழைத்தவள் குரலைப் பூட்டி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

படம் போடுகிற நாள் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். ஜனா வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: மத்தளம் போட்டாச்சு. பயப்பிடாமல் வா.

ரதிக்கு அன்றைக்குத்தான் நெஞ்சுக்குள் காற்றுப் போனது. சீனியம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வரிசை ஓரத்தில், சுவரை ஒட்டி ரதிக்கு இடம். இந்தப் பக்கம் ஜனா. ஜனாவுக்கு அங்கால் சீனியம்மா. எழுத்து ஓடியது. "கொன்றைநாச்சியின் குரல்: ரதி." சீனியம்மா ஜனாவின் மடிக்கு மேலாக எட்டி மகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கை வேர்த்து, ஈரமாக, சூடாக இருந்தது. ரதி அழுதுவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக எல்லாம் தகும் என்று நினைத்தாள்.

யாளி பறந்தது. சனம் சிரித்தது. ராஜா கத்தினான். பிறகு அந்தக் கட்டம் வந்தது. நாச்சி பள்ளத்துக்குள் இறங்கினாள். கல் ஏறியது. மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது.

"தோழி, நிற்கிறாயா?"

ரதி மத்தளத்துக்காகக் காத்திருந்தாள்.

"நிற்கிறேன்."

நான்கு பக்க ஸ்பீக்கரிலும்... அவளுடைய குரல். செல்லமாக. கொஞ்சம் அவசரமாக.

ரதி திரும்பினாள். ஜனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது.

"மத்தளம் எங்கடி?"

ஜனா திரும்பாமலே, உதடு அசையாமல் சொன்னாள். "உன்ர குரலை எடுத்தால், என்னையெல்லோ சொல்லச் சொல்லுவினம்."

"நிற்கிறேன்" என்றது திரை. சுண்ணாம்பு மணம் எழுந்தது. "நிற்கிறேன்." மண்டபத்தில் யாரோ இருமினார்கள். "நிற்கிறேன்." ஒவ்வொரு பதிலுக்கும் மணம் நெருங்கியது, ஈரச் சாந்து தோளில் படுகிற அளவுக்கு. ரதிக்கு எழுந்து ஓட வேண்டும். ஓடுவதற்கு ஜனாவின் முழங்காலைத் தாண்ட வேண்டும். ஜனா காலை மடக்கவில்லை.

திரையில் கடைசிக் கல் ஏறியது. தோழி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். இசையை அந்த இடத்தில் புஷ்பராஜ் அறவே நிறுத்தியிருந்தார். பின் வரிசையில் ஒரு பெண் விம்மியது மட்டும் கேட்டது.

அந்த நிசப்தத்தில், ரதியின் இடப்பக்கத்துச் சுவரிலிருந்து...

"ரதி, நிக்கிறியா?"

ரதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. போய்விடும் போலிருந்தது. மணம்கூடக் கொஞ்சம் விலகியது.

"ஜனா, நிக்கிறியா?"

ஜனாவுக்குக் கேட்டது. கேட்டது என்பதை அவள் உடம்பு துள்ளிய விதத்தில் ரதி கண்டாள். அடுத்த விநாடி ஜனா, வாயைப் பொத்தியிருந்த ரதியின் கை ஒன்றைப் பிடுங்கி, மணிக்கட்டோடு சுவரைப் பார்த்துத் தள்ளினாள்.

"நான் இல்லை. இவள். இவள்தான் நிக்கிறாள்."

சொல்லிவிட்டாள்.

பயத்தில் சொல்லியிருக்கலாம். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள், அப்படித்தான் ஜனாவும். ஆனால் ரதிக்கு அந்த நிமிஷத்தில் பயம் விட்டுப்போனது. அழுகையும் வரவில்லை. ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கூண்டுக்குள் இருட்டில் தான் "நிக்கிறியாடி?" என்று கேட்டபோது, தன்னை விட்டு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒரு பதில் வந்தது. டொக் என்று. கதவுப் பக்கம் ஆளில்லாதபோது சுவர்ப் பக்கம் ஒருத்தி இருந்திருக்கிறாள். இத்தனை நாளும் கோபத்தில் துரத்துகிறாள் என்று நினைத்த அந்தக் குரலில் கோபமே இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியது யாராவது இருக்கிறார்களா என்று தெரிவதுதான்.

ரதி ஜனாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உள்ளங்கையை வைத்தாள். சுவர் ஈரமாக இருந்தது. படத்துத் தமிழில் இல்லை, ஜனாவின் தமிழிலும் இல்லை, அம்மாவிடம் பேசுகிற தமிழில் சொன்னாள்.

"நிக்கிறேன்டி. நான் எங்கயும் போகல."

லைட் போட்டார்கள். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. புஷ்பராஜ் மேடையில் ஏறி அழுதார். சீனியம்மா மகளிடம் ஓடிவந்து, "என் தங்கமே, எப்படிப் பேசியிருக்க" என்று கன்னத்தைத் தடவினாள். ரதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சிரித்தாள். குரல் வரவில்லை.

இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. எத்தனை டொக்டரிடம் காட்டினார்கள் என்று கேட்காதீர்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ரதி இப்போது தாயோடு புடவைக் கடைக்குப் போகிறாள். சேலை மடிக்கிறாள், சாப்பிடுகிறாள், உறங்குகிறாள். முகத்தில் ஒரு துக்கமும் இல்லை என்கிறான் பிரதீஸ். சில நேரம், யாரோ பகிடி சொன்னதைக் கேட்ட மாதிரித் தனக்குள் சிரிப்பாளாம். மகளின் குரல் போனதற்குச் சீனியம்மா அழுத அழுகைதான் பெரிய அழுகை.

ஜனா வெள்ளவத்தை அறையை விட்டுவிட்டாள். கல்கிசைக்குப் போனாள். அங்கேயிருந்து இன்னோர் இடம். பலகைத் தடுப்புப் போட்ட அறையில்கூட இருந்து பார்த்தாள். ஆனால் எந்த வீட்டுக்கும் எங்கேயாவது ஒரு கல் சுவர் இருக்கத்தானே செய்யும்... அந்தச் சுவருக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மெல்ல, ஆறுதலாக, பழைய சிநேகிதிகள் பேசுகிற மாதிரி. இடையில் சிரிப்பும் வரும். ஒரு குரல் ரதியுடையது, அதை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். என்ன பேசுகிறார்கள் என்றுதான் பிடிபடாது. தன்னைப் பற்றித்தானோ என்று எழுந்துபோய்ச் சுவரில் காதை வைப்பாள்.

பேச்சு நின்றுவிடும். அவள் விலகிப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை.